பக்கவாதமும் பிரதிவாதமும்

எங்கள் வீட்டில் வாதம் என்பது புதிதல்ல. கல்யாணமான நாள் முதல் காலைக் காப்பியின் சூட்டில் ஆரம்பித்து ராத்திரி வாசல் தாழ்ப்பாள் வரை வாதம், பிரதிவாதம், மேல்முறையீடு எல்லாம் உண்டு. தீர்ப்பு மட்டும் எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான் சாதகம். ஆகவே எனக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்ட மாட வீதி நண்பர் ஒருவர், "உன் பக்கத்து வாதம் எடுபட்டதா இல்லையா?" என்று விசாரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. எடுபடவில்லை ஸார். வலது பக்கம் மொத்தமும் ஸ்ட்ரைக். கை, கால், வாயில் பாதி.

இது நடந்து 14 மாதம் ஆகிறது. இந்தப் பத்தியை வலது கையால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். கையெழுத்தைப் பார்த்த உதவி ஆசிரியர், "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே ஸார், முன்னாடியும் இப்படித்தானே இருந்தது" என்றார். இதைவிட நல்ல மெடிக்கல் சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

முதலில் சமாசாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. வெடித்துக் கசிவது இன்னொரு வகை. பெரும்பாலானவர்களுக்கு வருவது முதல் வகை. அடைப்பு நீடிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் காலி என்று 2006-ல் ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டார். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எனவே ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், சோடா கொடுப்பது, விசிறுவது, மாமாவுக்குப் போன் பண்ணி அபிப்பிராயம் கேட்பது இதெல்லாம் வேண்டாம். 108-க்குப் போன் பண்ணி, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் மருமகள் அதைத்தான் செய்தாள். அதனால்தான் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரி பத்து நாள் சமாசாரம். அப்புறம் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அங்கேதான் கதையே ஆரம்பம்.

*

வீட்டுக்கு வந்ததும் முதலில் வந்தவர்கள் ஆலோசகர்கள். மயிலாப்பூரில் டாக்டர்கள் அதிகம். டாக்டர் அல்லாத டாக்டர்கள் அதைவிட அதிகம். ஒருவர் ஒரு குறிப்பிட்ட தைலத்தைச் சொன்னார். இன்னொருவர் அது கூடவே கூடாது என்றார். இருவரும் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று வாதாட, நடுவில் நான் படுத்துக்கொண்டு சாட்சி. தூரத்து உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "புறா ரத்தம் தடவினா போதும், எழுந்து ஓடுவார்" என்றார். இது நம் ஊரில் பல காலமாக உலவும் நம்பிக்கை. மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது. என் மனைவி கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம் பேசும். அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் ரொம்ப நேரம் பேசின. கபாலி கோயில் கோபுரத்துப் புறாக்கள் இன்றைக்கும் சௌக்கியமாக இருப்பதற்கு அவள்தான் காரணம்.

எல்லோருமே தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று. "எப்போ பழையபடி ஆகும்?"

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்லவும் முடியாது. முதலாவது, பதில் தெரியாது. இரண்டாவது, வாய் வராது. இடது பக்க மூளை அடிபட்டால் வலது கை கால் போவதோடு பெரும்பாலும் பேச்சும் போகிறது. மனசுக்குள் காப்பி என்று நினைப்பேன், வாயில் "சாவி" என்று வரும். மனைவி பீரோ சாவியைக் கொண்டுவந்து கையில் வைப்பாள். "சாவி இல்லை, சாவி!" என்று கத்துவேன். ஒரு வாரம் இப்படி நடந்த பிறகு, சாவி என்றால் காப்பி என்று வீட்டில் எல்லோரும் பாடம் பண்ணிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே சாவி தேவைப்பட்டது. இரண்டு டம்ளர் காப்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பேச்சு வராதவனுக்குப் பாட்டு வந்தது. சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிக் கற்ற கீர்த்தனை ஒன்று பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வார்த்தை பிசகாமல் வந்தது. இது தெய்வச் செயல் என்று மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருத்துவர்களுக்கு இது வெகு நாளாகத் தெரிந்த விஷயம்தான். பேச்சு முக்கியமாக இடது மூளையின் வேலை. பாட்டில் வலது மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. இதை வைத்து, வார்த்தையை ராகம் போட்டு இழுத்துச் சொல்லிப் பழக்கும் சிகிச்சையை 1973-லேயே அமெரிக்காவில் உண்டாக்கியிருக்கிறார்கள். நான் "காப்பி"யை மோகனத்தில் இரண்டு மாதம் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஆரோகணத்தில் கேட்டால் டிகாக்‌ஷன் திக்காக இருக்கும் என்பது என் அனுபவம்.

*

நான்காவது வாரம் பிஸியோதெரபிஸ்ட் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என் பேத்திக்கு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். தோளில் ஒரு பை, அதில் ஒரு ரப்பர் பந்து, ஒரு டப்பா கொண்டைக்கடலை. அவ்வளவுதான் ஆயுதம்.

வந்த அன்றைக்கு அவள் என்னைப் பரிசோதிக்கவே இல்லை. சாப்பாட்டு நேரம். மனைவி ரசம் சாதத்தைப் பிசைந்து ஸ்பூனில் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நாளைலேர்ந்து ஊட்டாதீங்க."

"பாவம்மா, அவருக்குக் கை வரலையே!"

"நீங்க ஊட்டிட்டே இருந்தா அது வரவே வராதும்மா. வர வேண்டிய அவசியமே அதுக்கு இல்லையே."

வீட்டில் ஒரு நிமிஷம் பூரண மௌனம். பாத்திரம்கூடப் பேசவில்லை.

அந்தப் பெண் சொன்னதன் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. எட்வர்ட் டாப் என்கிற அமெரிக்கர் குரங்குகளிடம் கண்டுபிடித்தது. ஒரு கையில் உணர்ச்சி போன குரங்கு நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, இந்தக் கை உதவாது என்று தீர்மானித்துவிடுகிறது. அப்புறம் அந்தக் கையால் முடிந்தாலும் அது உபயோகிப்பதில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால், வேறு வழியில்லாமல் மறு கையை எடுக்கிறது. இதையே மனிதர்களிடம் செய்தார்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பழுதான கையால் இரண்டு வாரம் விடாமல் பயிற்சி. அமெரிக்காவில் 222 பேரிடம் செய்த பரிசோதனையின் முடிவு 2006-ல் வந்தது. கைக்குக் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருஷம் கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் ஒன்று, மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது. சுத்தமாக அசையாத கைக்கு வேறு வைத்தியம்.

நம் ஊரில் உறை வேண்டியதில்லை. இடது கையால் சாப்பிடாதே, இடது கையால் கொடுக்காதே என்று பாட்டி காலத்திலிருந்து கட்டிப்போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். என் அதிர்ஷ்டம், பழுதானது வலது கை. வெட்கமே எனக்கு வாத்தியார் ஆயிற்று.

மறு நாள் தட்டு என் முன்னால் வைக்கப்பட்டது. விரல்கள் லேசாக மடங்கும், அவ்வளவுதான். சாதத்தைத் திரட்டி எடுத்தால் பாதி வழியில் சட்டையில் விழும். ஒரு கவளம் வாய்க்குப் போக ஒன்பது முயற்சி. முக்கால் மணி நேரம் கழித்து ரசம் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. மனைவி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்றாள். ஊட்டட்டுமா என்று கேட்கவில்லை. 40 வருஷத் தாம்பத்தியத்தில் அவள் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

*

செத்துப்போன மூளைச் செல் திரும்பி வராது. அப்படியானால் கை எப்படி வருகிறது?

மெட்ரோ ரயிலுக்காக லஸ் பக்கம் தோண்ட ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று? முதல் நாள் ஒரே களேபரம். 29சி பஸ் எங்கே போகும், எங்கே நிற்கும் என்று கண்டக்டருக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர்கள் சந்து சந்தாகப் புகுந்து பார்த்தார்கள். சிலது முட்டுச் சந்து. சிலது எங்கேயோ போய்ச் சேர்த்தது. பத்து பேர் போன சந்தில் நூறு பேர் போக, கடைசியில் அதுவே ரோடு ஆகிவிட்டது. மூளையும் இதைத்தான் செய்கிறது. பழைய ரோடு மூடியாச்சு. பக்கத்தில் உள்ள செல்கள் புதுச் சந்து தேடுகின்றன. ஆனால் போக்குவரத்து இருந்தால்தான் சந்து ரோடாகும். போக்குவரத்து என்பது நாம் செய்கிற பயிற்சி.

எத்தனை தடவை? இங்கேதான் பெரிய கோளாறு. பரிசோதனைக்கூடத்தில் மிருகங்களுக்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை பயிற்சி கொடுத்துத்தான் மூளை மாறுவதைக் கண்டார்கள். 2009-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிஜமான சிகிச்சை நேரங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, நோயாளியின் கை உருப்படியாகச் செய்த வேலை சராசரியாக 32 தடவைதான். அதாவது, எலிக்குக் கிடைக்கிற கவனிப்பு நமக்குக் கிடைப்பதில்லை.

எனவே என் மனைவி ஒரு பழைய டயரியை எடுத்தாள். முன்பு பால் கணக்கு எழுதியது. அதில் கொண்டைக்கடலைக் கணக்கு. ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு ஒவ்வொன்றாக. முதல் நாள் 7. ஒரு மாதம் கழித்து 60. மூன்றாம் மாதம் 200. "ஏன்னா, நேத்திக்கு 200, இன்னிக்கு 180தான் ஆறது. பாக்கி 20 யாருக்கு?" என்று கடன்காரன் மாதிரி நிற்பாள்.

கை தூக்கும் உயரத்துக்கு இன்னொரு கணக்கு. பேரன் பேத்திகளின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் ஹால் சுவரில், அவர்களுக்குப் பக்கத்திலேயே என் கோடுகள். முதல் கோடு என் இடுப்புக்குக் கீழே.

கண்ணாடி வைத்தியமும் நடந்தது. டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் செங்குத்தாக நிறுத்தி, பழுதான கையை அதன் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் பழுதான கை அசைவதாக மூளையை ஏமாற்றும். இதற்கு மூல புருஷர் நம் ஊர்க்காரர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். 1990-களில் கை இழந்தவர்களின் இல்லாத கையில் வரும் வலிக்காக இதைச் செய்துபார்த்தார். பக்கவாதத்துக்கும் உதவுமா என்று 9 பேரிடம் சோதித்த கட்டுரை 1999-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. பிறகு பலரும் பரிசோதித்து, ஓரளவு பலன் உண்டு என்றே சொல்கிறார்கள். இவருடைய தாத்தா, அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்த மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். தாத்தா நாட்டுக்குச் சட்டம் எழுதினார். பேரன் மூளைக்குச் சட்டத்தை மீறக் கற்றுக் கொடுத்தார்.

*

இதெல்லாம் படிக்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உற்சாகம் இருக்காது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது பலவீனமல்ல, அழுமூஞ்சித்தனமும் அல்ல. மூளையில் பட்ட அடியின் ஒரு பகுதி. அதற்கு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். எனக்கு டி.வி.யில் சோப்பு விளம்பரத்துக்குக்கூட அழுகை வந்தது. சோப்பு விலையைப் பார்த்து அழுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதிரி ராத்திரிகளில் நான் எம்.ஜி.ஆரை நினைத்துக்கொள்வேன். ரசிகனாக அல்ல. சக நோயாளியாக.

1967 ஜனவரி 12-ல் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்து அவர் குரல் பழுதானது. வசனம்தான் பிழைப்பு என்கிற நடிகருக்கு! ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். அதே பழுதான குரலோடு முதல்வராகும் வரை பத்து வருஷம் படங்களில் பேசினார். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறென்று கிரீம்ஸ் ரோடு அப்போலோவில் சேர்ந்தபோது பக்கவாதமும் வந்தது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம். பிரசாரத்துக்கு ஒரு நாளும் வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து, 1985 பிப்ரவரி 4-ம் தேதி சென்னை திரும்பி, 10-ம் தேதி மூன்றாம் முறையாகப் பதவி ஏற்றார். பேச்சு பழையபடி வரவில்லை. கடைசி வரை வரவில்லை. ஆனாலும் 1987 டிசம்பர் 24 வரை முதல்வராகவே இருந்தார். அவர் அரசியலைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். குழறுகிற வாயோடு கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் "அரைக் கிலோ துவரம் பருப்பு" என்று சொல்லப் போய்ப் பாதியில் நின்ற எனக்குத் தெரியும்.

லூயி பாஸ்டருக்கு 1868-ல், 45 வயதில், இடது பக்கம் விழுந்தது. முழுசாகச் சரியாகவில்லை. வெறிநாய்க்கடி ஊசியை அவர் முதன்முதலாகப் போட்டுக் காட்டியது 1885-ல். அதாவது பக்கவாதம் வந்து 17 வருஷம் கழித்து. நம் குன்னூரில் 1907-ல் துவங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் அவர் பேரில்தான் இருக்கிறது.

இன்னொருவர் பேட்ரோ பாக்கி ரீட்டா. நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியர், கவிஞர். 65 வயதில் பேச்சும் நடையும் போயின. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அவர் பிள்ளை, குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ அப்படியே ஆரம்பிப்போம் என்று அப்பாவைத் தவழவிட்டான். சுவரோரமாக மாதக்கணக்கில் தவழ்ந்தார். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் மறுபடி பாடம் நடத்தப் போனார். 1965-ல் கொலம்பியாவில் மலை ஏறும்போதுதான் காலமானார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், மூளையில் அடிபட்ட இடம் அப்படியே இருந்தது. ஆறவே இல்லை. மீதி மூளை அத்தனை வேலையையும் எடுத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, நாமே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினால் போதுமா என்று இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இல்லை. அன்பு வேறு, தொழில் தெரிவது வேறு. பழுதான கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும் என்பது அன்புக்குத் தெரியாது, அந்தத் தூத்துக்குடிப் பெண்ணுக்குத்தான் தெரியும். காசில்லாதவர்களுக்குக் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021-ல் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

*

எட்டாம் மாதம் ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம். பென்ஷன் பணம் எடுக்கக் கையெழுத்துப் போட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒத்துப் போகலை ஸார். கட்டை விரல் ரேகை வெச்சிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் 32 வருஷம் ஃபைல்களில் கையெழுத்துப் போட்டவனுக்கு மை டப்பாவை நகர்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? அன்று பணம் எடுக்காமல் திரும்பினேன். டயரியில் புதுக் கணக்கு துவங்கியது. ஒரு நாளைக்கு 50 கையெழுத்து. ஆறு வாரம் கழித்து மறுபடி போனேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் நடுங்குது, ஆனா இது நீங்கதான்" என்றார்.

ஆமாம் ஸார், அதேதான். கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் இது நான்தான்.

சட்டைப் பித்தான் இன்னும் போட வரவில்லை. நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஒரு சுற்று தடியோடு நடக்கிறேன், மற்றவர்கள் அதற்குள் மூன்று சுற்று முடித்துவிடுகிறார்கள். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் போட்ட அகலமான நடைபாதை எனக்குப் பரீட்சை ஹால். முதல் மூன்று மாதத்தில் வேகமாக வருகிறது, அப்புறம் மெதுவாகிறது. ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். கதவு கனமாகிறது, மூடுவதில்லை. என் கையெழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போங்கள். தப்பில்லை. ஆனால், "எப்போ சரியாகும்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எத்தனை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு நிச்சயம் இருக்கும்.

இன்றைக்கு எனக்கு 240. பாக்கி எதுவும் இல்லை.